பழைய வரி ஒன்றை நீக்கித் தரக் கோரும் மனு

அனுப்புநர்
ச. கிளாரா,
செயலாளர்,
விண்ணரசி மகளிர் பூசை உடுப்புத் தையல் குழு,
அறை எண் 4, மாவட்டக் கைத்தொழில் இணைய விற்பனை மையம்,
சின்னாளப்பட்டி சாலை, திண்டுக்கல்.

பெறுநர்
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
மாவட்டக் கைத்தொழில் இணைய விற்பனை மையம்,
திண்டுக்கல்.

பொருள்: மைய வளாகம் – அறை எண் 4 – மாத மடல்கள் வாசிக்கப்படவில்லை எனக் கூறி ஒதுக்கீட்டை ரத்து செய்ய அறிவிப்பு வந்தது – மடல்கள் குப்பைப் பெட்டிக்குப் போவதற்கு மையத்தின் இணைய முகவரிப் பதிவில் உள்ள பழைய வரியே காரணம் – அவ்வரியை நீக்கவும், ரத்து நடவடிக்கையை நிறுத்தவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 29.12.2025.
2. எமது கடிதங்கள், நாள் 22.09.2025, 14.10.2025 மற்றும் 24.11.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் சென்ற மாதம்தான் இம்மையத்தின் பொறுப்பை ஏற்று வந்திருக்கிறீர்கள். கீழே சொல்லப்படுபவை தங்கள் காலத்தில் தொடங்கியவை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவற்றைச் சரிசெய்யும் அதிகாரம் இன்றைக்குத் தங்கள் ஒருவரிடம்தான் இருக்கிறது. ஆகவே இம்மனுவை நேரில் கொண்டுவந்து தங்கள் கையிலேயே கொடுக்கிறேன்.

1. எங்கள் குழுவில் பதினோரு பெண்கள் இருக்கிறோம். குருக்கள் திருப்பலியில் அணியும் உடுப்பு, பீடத்துணி, பீடச் சிறுவர்களின் அங்கி, மாதா சுரூபத்துக்குச் சாத்தும் சேலை ஆகியவற்றைத் தைக்கிறோம். தவக்காலத்துக்கு ஊதா, பாஸ்கா என்னும் உயிர்ப்புத் திருநாளுக்கு வெள்ளை, வேதசாட்சிகள் திருநாளுக்குச் சிவப்பு என்று ஆண்டு முழுவதும் கோவிலில் நிறம் மாறும். நிறம் மாறுவதற்கு நாலைந்து வாரம் முன்பே பங்குக் கோவில்களில் இருந்து ஆர்டர் வந்தால்தான் தைத்து முடித்து அனுப்ப முடியும். நினைவூட்டாவிட்டால் எந்தப் பங்கிலும் முன்கூட்டி நினைப்பதில்லை. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின வாரம் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு அலறுவார்கள். அந்த நினைவூட்டலைத்தான் மாதாமாதம் மின்னஞ்சல் மடலாக அனுப்புகிறோம். பங்கு அலுவலகங்கள், கன்னியர் மடங்கள், வெளிநாட்டில் பணிபுரியும் நம் பக்கத்துக் குருக்கள் என்று அறுநூற்றுச் சொச்சம் முகவரிகளுக்கு அது போகிறது. எங்களுக்குக் கடை கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது. அந்த மடல்தான் எங்கள் கடை.

2. மைய வளாகத்தில் அறை பெற்ற ஒவ்வொரு குழுவும் மையத்தின் பொது முகவரியில் இருந்துதான் மடல் அனுப்ப வேண்டும் என்பது ஒதுக்கீட்டு நிபந்தனை. மடலை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்கும் மையத்தில் எடுக்கப்படுகிறது. தொடர்ந்து ஆறு மாதம் பத்தில் ஒருவர்கூடத் திறக்கவில்லை என்றால் அக்குழு “செயலற்ற குழு” எனக் கருதப்பட்டு, அறை வேறு குழுவுக்குக் கொடுக்கப்படும். நிபந்தனையைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டோம். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. வேலை செய்யாதவர்கள் அறையைப் பூட்டி வைத்திருப்பது நியாயம் இல்லைதான்.

3. கடந்த ஜூன் மாதம் வரை எங்கள் மடலைப் பாதிப் பேருக்கு மேல் திறந்து பார்த்தார்கள். ஜூலையில் திடீரென்று யாருமே திறக்கவில்லை. ஆகஸ்டிலும் அதே கதை. வழக்கமாகச் செப்டம்பரில் மாதாவின் பிறந்தநாளுக்கு முன்பு சேலைக்கு வரும் ஆர்டரில் கால்வாசிகூட வரவில்லை.

4. முதலில் நாங்கள் எங்களைத்தான் சந்தேகப்பட்டோம். மே, ஜூனில் குருக்களுக்கு மாற்றல் வரும். பழைய சாமி போய்ப் புதுச் சாமி வந்திருப்பார், அவருக்கு எங்களைத் தெரியாது, அதனால் திறக்கவில்லை என்று நான் நினைத்தேன். எங்கள் தலைவி வியாகுலம்மாள் அப்படி நினைக்கவில்லை. யாருக்கோ எங்கள் மேல் மனத்தாங்கல் என்று முடிவு கட்டிவிட்டார். கன்னிவாடியில் இருந்து ஆத்தூர் வரை பஸ் ஏறி, பங்கு பங்காகப் போய் நலம் விசாரித்துவிட்டு வந்தார். போன இடத்தில் எல்லாம் காபி கொடுத்து, “மடல் வந்தாப் பாக்குறோம்மா” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் யாரும் மடலைக் கண்ணால் பார்த்திருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு மடத்தில் மதர் கணினியைத் திறந்து காட்டியபோது, எங்கள் ஜூலை மடலும் ஆகஸ்டு மடலும் குப்பைப் பெட்டியில், லாட்டரி விழுந்திருக்கிறது என்று வரும் கடிதங்களுக்கு நடுவில் கிடந்தன. மாதாவின் படம் போட்ட மடல் அந்தக் கூட்டத்தில் கிடந்ததைப் பார்த்து வியாகுலம்மாள் அங்கேயே அழுதுவிட்டார்.

5. நான் திருமணத்துக்கு முன்பு ஒரு தனியார் பள்ளியில் கணினி ஆசிரியையாக இருந்தவள். எனவே விதிகளைத் தேடிப் படித்தேன். பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு கண்டிப்பைக் கொண்டுவந்திருக்கின்றன. மொத்தமாக மடல் அனுப்புகிறவர்கள் தாங்கள் யார் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். மடல் வேண்டாம் என்பவர் ஒரே அழுத்தில் விலகிக்கொள்ள வழி வைக்க வேண்டும். “இது ஸ்பாம்” என்று புகார் செய்கிறவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேரைத் தொடக்கூடாது. எங்கள் பட்டியல் சிறியது என்றாலும் மையத்தின் எல்லாக் குழுக்களும் ஒரே முகவரியில் அனுப்புவதால் எல்லோர் கணக்கும் ஒன்றாகத்தான் சேர்கிறது. எங்கள் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டு பேர் அழுத்தினாலே எல்லை வந்துவிடும்.

6. இதில் எங்கள் பக்கம் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. மடலில் விலகும் பொத்தான் இல்லை. அதை வைக்க வேண்டும் என்று நான் சொன்னபோது வியாகுலம்மாள் சம்மதிக்கவில்லை. “ஏத்தா கிளாரா, எங்க கடுதாசி வேணாமுன்னா இத அமுக்குங்கன்னு சாமிக்கு எழுதுவியாக்கும்? அப்பறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பூசையில அவரு கையால நன்மை வாங்கப் போவே?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. நம் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது, வர இஷ்டம் இல்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று யாராவது கேட்போமா?

7. அந்த வாரமே அதற்குப் பதிலும் கிடைத்தது. பெலிக்ஸ் அடிகளார் என்பவர் ஜூனில்தான் ஒரு சிறிய பங்குக்கு மாற்றலாகி வந்தவர். வியாகுலம்மாளைச் சந்தையில் பார்த்தபோது அவராகவே சொல்லிவிட்டார். “கோவிச்சுக்காதீங்கம்மா. எங்க பங்கு நாப்பது குடும்பம். அம்புட்டு உடுப்புக்கு நான் எங்க போவேன்? வேணாமுன்னு நேர்ல சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னுதான் சத்தங்காட்டாம ஸ்பாம்ல தள்ளிட்டேன்.” இப்படித்தான் ஐயா நடந்திருக்கிறது. அவருக்கு மரியாதை குறையக்கூடாது என்று நாங்கள் பொத்தான் வைக்கவில்லை. எங்கள் மனம் நோகக்கூடாது என்று அவர் புகார் பொத்தானை அழுத்தினார். இரண்டு பக்கமும் நல்லவர்களாக இருந்ததில் நடுவில் மடல் செத்தது.

8. செப்டம்பர் மடலில் விலகும் பொத்தானை வைத்தோம். “தங்களைத் தொந்தரவு செய்ய விரும்பாத காரணத்தால்” என்று வியாகுலம்மாள் சொன்ன வாசகத்தை அதன் மேலே சேர்த்தோம். குப்பைப் பெட்டியில் தேடிப் பார்த்தவர்களில் முப்பத்து நான்கு பேர் விலகினார்கள். ஒவ்வொரு பெயரையும் வியாகுலம்மாள் வாசிக்கச் சொல்லிக் கேட்டார், “இவருமா?” என்று நாலைந்து பெயருக்குப் பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான், வானம் இடிந்து விழவில்லை. அதற்குப் பிறகு எங்கள் மடலின் மேல் ஸ்பாம் புகார் ஒன்றுகூட இல்லை என்று மடல் அனுப்பும் நிறுவனத்தின் அறிக்கையே சொல்கிறது. ஆக எங்கள் பக்கத்து வேலை முடிந்தது. மடல் மட்டும் இன்னும் குப்பைப் பெட்டிக்கே போய்க்கொண்டிருக்கிறது.

9. காரணம் இதுதான். மேலே சொன்ன சான்று மூன்று பகுதியாக இருக்க வேண்டும். முதலாவது, மையத்தின் பெயரில் கடிதம் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் வரி. எஸ்.பி.எஃப். என்பார்கள். இரண்டாவது, கடிதம் உண்மையிலேயே மையத்தில் இருந்து புறப்பட்டது, வழியில் யாரும் திருத்தவில்லை என்று காட்டும் மின்முத்திரை. இது டி.கே.ஐ.எம். மூன்றாவது, இவை இரண்டும் சரியாக இல்லாத கடிதத்தை என்ன செய்யலாம் என்று பெறுபவருக்கு நாமே சொல்லிவைக்கும் அறிவுரை. இதற்கு டிமார்க் என்று பெயர். இந்த மூன்றையும் மையத்தின் இணைய முகவரிப் பதிவில் எழுதி வைக்க வேண்டும். உலகத்தில் யாரும் அதைப் படிக்கலாம். எழுதவோ அழிக்கவோ தங்கள் அலுவலகம் ஒன்றால்தான் முடியும்.

10. ஜூலை முதல் தேதி மையம் மடல் அனுப்பும் நிறுவனத்தை மாற்றியது. பழைய நிறுவனத்துக்கு அனுமதி தரும் வரி ஏற்கெனவே பதிவில் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புது நிறுவனத்தின் வரியை எழுதியிருக்க வேண்டும். ஆனால் அலுவலக வழக்கப்படி, முந்தைய உத்தரவு அப்படியே இருக்க அதன் தொடர்ச்சியாகப் புதிய உத்தரவு போடுவது போல, பழைய வரியின் கீழே புது வரியைச் சேர்த்துவிட்டார்கள். கோப்பில் இது சரியான முறை. எது எப்போது நடந்தது என்று பின்னால் வருகிறவர் பார்த்துக்கொள்ளலாம். மின்னஞ்சல் விதியில் இது ஆகாது. அனுமதி வரி ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் எது செல்லும் என்று யாரும் ஆராய்ந்து கொண்டிருப்பதில்லை, இரண்டையுமே செல்லாது என்று தள்ளிவிடுகிறார்கள்.

11. புது நிறுவனத்தின் மின்முத்திரைக்கான வரி இன்னும் பதிவில் ஏறவே இல்லை. அது ஒப்புதலுக்காகக் கோப்பில் காத்திருக்கிறது. ஆனால் மூன்றாவது பகுதியான அறிவுரை மட்டும் கண்டிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. சான்று சரியாக இல்லாத கடிதத்தைக் குப்பைப் பெட்டியில் போடவும் என்பது அதன் பொருள். ஆக, எங்கள் மடலைக் குப்பையில் போடச் சொல்லி ஊருக்கெல்லாம் எழுதி வைத்திருப்பது எங்கள் மையமேதான். மடத்து மதருடைய கணினி அதற்குக் கீழ்ப்படிந்திருக்கிறது, அவ்வளவே.

12. இவை எல்லாம் நானாகக் கற்பனை செய்து எழுதுவதாகத் தாங்கள் எண்ண வேண்டாம். தங்கள் அலுவலகக் கணினி உதவியாளர் திரு. ஸ்டான்லி இதை என்னுடன் சேர்ந்து பார்த்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டவர். பழைய வரியை எடுத்துவிட ஒரு நிமிடம் ஆகாது என்றும் சொன்னார். “ஆனா சேர்க்கத்தான்க்கா எனக்குப் பவர் இருக்கு, அழிக்க இல்ல” என்றார். சில ஆண்டுகளுக்கு முன் யாரோ தெரியாமல் ஒரு பதிவை அழித்து, மையத்தின் இணையதளமே இரண்டு நாள் நின்றுபோனதாம். அன்று முதல் செயல் அலுவலரின் எழுத்துப்பூர்வ உத்தரவு இல்லாமல் எந்தப் பதிவையும் அழிக்கக்கூடாது என்று விதி. சூடு பட்டவர்கள் போட்ட விதி, அதைக் குறை சொல்ல மாட்டேன். திரு. ஸ்டான்லி மீதும் தாங்கள் வருத்தம் கொள்ளக்கூடாது. தனக்கு இல்லாத அதிகாரத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

13. பார்வை இரண்டில் கண்ட மூன்று கடிதங்களிலும் அந்த உத்தரவைத்தான் கேட்டேன். முதல் கடிதத்துக்கு, கோப்பு நடப்பில் உள்ளது என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதத்துக்கு, பழைய நிறுவனத்தின் பெயரில் உள்ள வரியை நீக்குவதால் பின்னாளில் அவர்கள் வழக்குப் போடக்கூடும், எனவே அவர்களிடம் தடையில்லாச் சான்று கேட்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. ஒப்பந்தம் முடிந்து போனவர்கள் எதற்காகப் பதில் எழுதப் போகிறார்கள்? அதோடு, அந்தச் சான்றைக் கேட்ட கடிதமும் மையத்தின் இதே முகவரியில் இருந்துதான் போயிருக்கிறது. அது அவர்களுடைய எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ தெரியவில்லை. மூன்றாவது கடிதம் கொடுத்த வாரம் முன்பிருந்த அலுவலர் மாற்றலாகிவிட்டார்.

14. இந்த நிலையில்தான் பார்வை ஒன்றில் கண்ட அறிவிப்பு வந்தது. ஜூலை முதல் டிசம்பர் வரை எங்கள் மடல்கள் வாசிக்கப்படவில்லை, எனவே நாங்கள் செயலற்ற குழு, பதினைந்து நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் ஜனவரி 30 அன்று ஒதுக்கீட்டுக் குழு கூடி அறையை ரத்து செய்யும் என்று அதில் இருக்கிறது. அதுவும் மின்னஞ்சலில்தான் வந்தது. வந்தது என்று சொல்வதுகூடத் தவறு. எங்கள் குப்பைப் பெட்டிக்குப் போய்விட்டது. திரு. ஸ்டான்லி சென்ற வியாழக்கிழமை வாசலில் பார்த்து, “என்னக்கா, நோட்டீசுக்குப் பதில் குடுக்கலையா?” என்று கேட்காவிட்டால் இன்றைக்கும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. கெடு நாளையோடு முடிகிறது. அதன் பின் பொங்கல் விடுமுறை. இந்த மனுவையே அந்த விளக்கமாகவும் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

15. நாங்கள் செயலற்றவர்களா என்பதைத் தாங்கள் அறைக்கு வந்து பார்த்தால் தெரியும். தங்கள் அறையில் இருந்து எட்டு வாசல்தான். வருகிற பிப்ரவரி 18 விபூதிப் புதன். ஊதாத் துணி வெட்டி அடுக்கியிருக்கிறது. பாஸ்காவுக்கு வெள்ளைத் துணி மேசையில் விரித்திருக்கிறது. வெள்ளைத் துணியை விரிக்கும் மேசைக்காகத்தான் எங்களுக்கு இந்த அறை வேண்டும். எங்களில் யார் வீட்டிலும் அவ்வளவு நீள மேசை போட இடம் இல்லை. தோள்பட்டியில் பொன்னிழை வேலை செய்யும் சிவனம்மாள் கன்னிவாடியில் இருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். தலையில் வைத்த கனகாம்பரத்தைக் கழற்றி வாசல் கம்பியில் மாட்டி, கைகால் கழுவிவிட்டுத்தான் உள்ளே நுழைவார், பூவின் சாயம் துணியில் ஒட்டும் என்று. அறை போனால் வீட்டில் வைத்துத் தைக்க முடியுமா என்று அவரிடம் கேட்டேன். “ஒத்த ரூம்புக்குள்ள அடுப்பு, ஆட்டுக்குட்டி, புள்ளைக எல்லாம் கெடக்கு. கரி ஒரு பொட்டுப் பட்டாப் போதும், அம்புட்டும் வீணாப் போயிரும். நான் கருவேப்பிலைக்காட்டு வேலைக்குப் போறேன், விடுங்க” என்றார். பதினெட்டு ஆண்டு ஊசி பிடித்த கை அது. அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

16. அறை எண் 4 வேறு குழுவுக்குப் போனால் மட்டும் எதுவும் சரியாகிவிடாது. அவர்களும் இதே முகவரியில் இருந்துதான் மடல் அனுப்புவார்கள். அதுவும் குப்பைப் பெட்டிக்குத்தான் போகும். ஆறு மாதம் கழித்து அவர்களும் தங்கள் முன்னால் வந்து நிற்பார்கள். அப்போது அவர்கள் சிரமப்பட வேண்டாம் என்று இம்மனுவின் நகல் ஒன்றை மேசை மேல் வைத்துவிட்டுப் போகிறோம். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

17. கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அறை எண் 2-இல் திருமதி உம்மு சல்மா என்பவர் தம் நாத்தனாருடன் ஊறுகாய் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். பேரீச்சம்பழ ஊறுகாய் வாங்க மதுரையில் இருந்தெல்லாம் ஆர்டர் வரும். அவரும் இதே முகவரியில் மடல் அனுப்பியவர். எங்களுக்கு நடந்ததேதான் அவருக்கும் நடந்தது. ஆனால் அவர் எதையும் தேடிப் படிக்கவில்லை, யாரிடமும் போய்க் கேட்கவும் இல்லை. மடலை யாரும் திறக்கவில்லை என்ற கணக்கைப் பார்த்ததும், அறிவிப்பு வரும் முன்பே நவம்பரில் தாமாகவே சாவியைக் கொடுத்துவிட்டார். போகும்போது என்னிடம், “யாருக்கும் பிடிக்கலக்கா. என் கைப்பக்குவம் போயிருச்சு போல” என்றார். அப்போது எனக்கு இந்த இரண்டு வரிகளைப் பற்றி எல்லாம் தெரியும். ஆனால் என் கவலையில் நான் நின்றேன், அவருடைய மடலும் இதே முகவரியில் போனது என்பது அந்த நேரம் மண்டையில் உறைக்கவில்லை. உறைத்தபின் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நான் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்துவிட்டு, டீ போட்டுக் கொடுத்தார். இப்போது டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறார். வீட்டுச் சோற்றுக்குக்கூட ஊறுகாய் கடையில் வாங்குவதாக அவர் நாத்தனார் சொன்னார்.

ஆகவே ஐயா அவர்கள் கருணையோடு பரிசீலித்து,

அ) பழைய நிறுவனத்துக்கான அனுமதி வரியை, தடையில்லாச் சான்றுக்குக் காத்திராமல், உடனே நீக்குமாறு எழுத்துப்பூர்வ உத்தரவு வழங்கவும்,

ஆ) புது நிறுவனத்தின் மின்முத்திரை வரியைப் பதிவில் ஏற்றவும், அது சரியாக வேலை செய்வது உறுதியாகும் வரை மூன்றாவது பகுதியில் உள்ள கண்டிப்பைத் தளர்த்தி வைக்கவும்,

இ) ஜூலை முதல் டிசம்பர் வரையிலான கணக்கை எந்தக் குழுவுக்கு எதிராகவும் எடுத்துக்கொள்ளாமல், ஜனவரி 30 கூட்டத்தில் இருந்து அறை எண் 4-ஐ விலக்கி வைக்கவும் வேண்டுகிறேன்.

வழக்கமாக மனு என்றால் ஒன்றைக் கொடுங்கள் என்று கேட்பது. நாங்கள் கேட்பது ஒரு வரியை எடுத்துவிடுங்கள் என்பதுதான். அரசுக்கு இதில் ஒரு பைசா செலவு இல்லை. தாங்கள் கையெழுத்திட்டால் திரு. ஸ்டான்லி தேநீர் குடித்து முடிப்பதற்குள் செய்துவிடுவார். இன்று செய்தால் நாளை மறுநாள் தவக்கால மடலை அனுப்பிவிடுவோம். அது போய்ச் சேர்ந்தால் இந்த ஆண்டு நாங்கள் பிழைத்துக்கொள்வோம்.

இன்னொன்றையும் கேட்கிறேன். இது மேலே உள்ள மூன்றிலும் சேராது, விதியிலும் இதற்கு இடம் இருக்காது. திருமதி உம்மு சல்மாவுக்கு மையத்தில் இருந்து ஒரு கடிதம் போக வேண்டும். அறையைத் திருப்பித் தருவதாக எழுத முடிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் பரவாயில்லை. அவருடைய மடல்கள் ஒருவர் கைக்கும் போய்ச் சேரவில்லை என்ற ஒன்றை மட்டும் அலுவலக முத்திரையோடு எழுதிவிடுங்கள். நான் சொன்னால் நம்பாதவர், தாங்கள் கையெழுத்திட்டால் நம்புவார். அவருடைய வீட்டு முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், தபால் தலை ஒட்டிய உறையும் அதோடு இருக்கிறது. தயவுசெய்து தபாலில் அனுப்புங்கள். ஊறுகாயில் குறை ஒன்றும் இல்லை என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும் ஐயா.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி அறை எண் 4-இல் வேலையில் இருக்கிறோம்.

இடம்: திண்டுக்கல்
நாள்: 12.01.2026

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) ச. கிளாரா
செயலாளர்,
விண்ணரசி மகளிர் பூசை உடுப்புத் தையல் குழு